கஞ்சாவுக்குச் சட்டம் வழி விடலாமா?

நமது சங்கத்தில் வெள்ளி இரவு இஷாவுக்குப் பின் நடைபெற்று வரும் மார்க்க வகுப்பில் ஒரு வாலிபர் எழுந்து கேள்வியொன்று கேட்டார். பாலிடெக்னிக்கில் படிக்கிறவர், ஐவேளைத் தொழுகையைப் பேணுகிறவர், வீம்புக்குக் கேட்கிறவர் அல்லர்.

"மாமா, கானடாவில் சில மாகாணங்களில் சர்க்காரே கடை வைத்துக் கஞ்சா விற்கிறதாம். ஜெர்மனியில் கையில் வைத்திருந்தால் குற்றமில்லையாம். பக்கத்திலுள்ள தாய்லாந்திலேயே தெருவுக்குத் தெரு கடை போட்டார்கள். இங்கு மட்டும் ஏன் தூக்குக் கயிறு என்று என்னோடு படிக்கிறவர்கள் கேட்கிறார்கள். ஹராம் என்று நான் சொன்னால், அது உங்கள் மார்க்கம், சட்டத்துக்கு என்ன வந்தது என்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?"

பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். இந்தப் பேச்சையெல்லாம் ஓதல் வகுப்பில் எடுக்கலாமா என்று ஒருவர் முணுமுணுத்தார். நாமோ அந்த வாலிபரிடம் ஒரு மாதத் தவணை கேட்டோம். நாம் ஆலிம் அல்லோம். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் தவிர நமக்கு வேறு படிப்பில்லை. ஆகவே உலமாப் பெருமக்களிடம் விசாரித்தும், கிடைத்த நூல்களைப் பார்த்தும், கல்லாவில் உட்கார்ந்து கற்ற அனுபவத்தைக் கொண்டும் நமக்கு விளங்கியதை இங்கு எழுதுகிறோம். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் உள்ள சகோதர சகோதரிகள் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

ஹராம் என்பதில் ஐயமில்லை

முதலில் மார்க்கத் தீர்ப்பை முடித்துக்கொள்வோம். இதிலேயே குழப்பம் உண்டாக்குகிறவர்கள் உளர். திருக்குர்ஆனில் கஞ்சாவின் பெயர் இல்லையே, அல்லாஹ் படைத்த பச்சைச் செடிதானே என்பது அவர்கள் பேச்சு. அரளியும் ஊமத்தையும் அல்லாஹ் படைத்த செடிகள்தாம். அதற்காக எவரும் அவற்றை அரைத்துக் குடிப்பதில்லை.

மது பற்றிய விதி திருமறையில் படிப்படியாக இறங்கிற்று. அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் அதில் மனிதருக்குச் சிறிது பயன் உண்டென்பதை மறுக்காமலே, அதன் பாவம் பயனைவிடப் பெரிதென்று உணர்த்திற்று. அன்னிஸாவின் 43-ஆம் வசனம் போதையோடு தொழுகையை அணுகுவதைத் தடுத்தது. இறுதியில் அல்மாயிதாவின் 90, 91 வசனங்கள் முழுத் தடையாக வந்தன. போதை தருவது எதுவாயினும் அது மதுவின் இனமே என்றும், நிறைய உட்கொண்டால் போதை தருவதில் கொஞ்சமும் கூடாதென்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியிருப்பதை ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வந்துள்ள அறிவிப்பு, போதைப் பொருளோடு உடலையும் புத்தியையும் தளரச் செய்யும் பொருளையும் சேர்த்து விலக்குகிறது.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் கடைசியிலும் ஏழாம் நூற்றாண்டிலுமே கஞ்சா ‘ஹஷீஷ்’ என்ற பெயரில் முஸ்லிம் நாடுகளில் பெரிதும் பரவியதாக நமது இமாம்கள் எழுதியுள்ளனர். தாத்தாரியர் படையெடுப்பும் அதே காலந்தான். குராஸானில் ஷெய்கு ஹைதர் என்ற துறவி அதைக் கண்டுபிடித்துத் தம் சீடர்களுக்கு மட்டும் கொடுத்தார் என்றொரு கதையும் உண்டு. கதை மெய்யோ பொய்யோ, பக்கீர் வேஷம் போட்டவர்கள் அதற்கு ஒரு ஞான வாசனை பூசிவிட்டார்கள் என்பது மெய். நம் ஊர்ப் பக்கத்திலும் கந்தூரிக் காலத்தில் தர்கா வாசல் மரத்தடியில் சிலர் சிலும்பி பிடித்துக்கொண்டிருப்பதைச் சிறு வயதில் கண்டவர்கள் நம்மில் இருப்பார்கள். அதைப் பார்த்து வலிமார்களின் வழி என்று எண்ணியவர்களுக்கு என்ன சொல்வது!

இமாம்கள் இவ்விஷயத்தைக் கண்மூடிக்கொண்டு பேசவில்லை. இதைத்தான் நம் வாலிபர்கள் கவனிக்க வேண்டும். ஹிஜ்ரி 728-இல் காலமான இமாம் இப்னு தைமிய்யா, ஹஷீஷ் மதுவைப் போன்ற போதைப் பொருளே, மதுவுக்குரிய கசையடியே இதற்கும் உரியது என்றார்கள். அவர்களுக்கு முன் மிஸ்ரில் வாழ்ந்து ஹிஜ்ரி 684-இல் காலமான மாலிக்கீ இமாம் கராஃபீ, இது மதுவைப் போல் வெறியூட்டுவதன்று, புத்தியைக் கெடுப்பது. ஆகவே ‘ஹத்து’ என்னும் வரையறுத்த தண்டனை இதற்கில்லை, நீதிபதி நிலைமை பார்த்து விதிக்கும் ‘தஃஸீர்’ தண்டனையே உண்டு என்றார்கள். ஷாபிஈ மத்ஹபின் நூல்களிலும் ஹத்து இல்லை, தஃஸீர் என்பதே தீர்ப்பு. ஷாபிஈ இமாம் ஸர்கஷீ இதன் தடையைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார்கள். பிற்கால ஹனஃபீ உலமாக்களும் ஹராம் என்றே ஃபத்வா கொடுத்தனர். ஆக, தண்டனையின் அளவில் அபிப்பிராய பேதம் உண்டு. போதைக்காக உட்கொள்வது ஹராம் என்பதில் பேதமில்லை.

இந்த நுட்பமே வாலிபரின் கேள்விக்குத் திறவுகோல். ஹராமான ஒவ்வொன்றுக்கும் சிறை உண்டா? புறம் பேசுவது ஹராம். வட்டி ஹராம். பெற்றோரை நோகச் செய்வது பெரும்பாவம். இவற்றுக்கெல்லாம் போலீஸ்காரர் வருவதில்லை. தஃஸீர் என்றாலே, நாட்டின் நலனையும் ஜனங்களின் நிலையையும் பார்த்து ஆள்வோர் கூட்டவும் குறைக்கவும் கூடியது. எனவே, "ஹராம் என்பது சரி, சட்டம் எப்படியிருக்க வேண்டும்?" என்று கேட்பது மார்க்கத்தை அவமதிக்கும் கேள்வியன்று. அதற்கு "ஹராம், பேசாதே" என்று பதில் சொல்வதுதான் பிழை. அந்தப் பதிலைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை நம்மிடம் கேட்க மாட்டான், வேறு யாரிடமோ கேட்பான்.

சட்டத்தைத் தளர்த்தச் சொல்வோரின் நியாயம்

பேச்சில் இரண்டு வெவ்வேறு காரியங்களை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று, வைத்திருந்தவனையும் உட்கொண்டவனையும் குற்றவாளியாக நடத்தாமல் விடுவது. மற்றொன்று, கடை திறந்து விற்கவே அனுமதிப்பது. போர்த்துகல் 2001-இல் செய்தது முதலாவது. அங்கு 10 நாள் உபயோகத்துக்குட்பட்ட அளவு வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், மூவர் கொண்ட குழுவொன்றின் முன் நிறுத்தி, வைத்தியத்துக்கோ அபராதத்துக்கோ அனுப்புகிறார்கள். விற்பது அங்கு இன்றும் குற்றமே. உருகுவே 2013-இல் சட்டமியற்றியும், கானடா 2018 அக்டோபர் 17 முதலும் செய்தது இரண்டாவது. அமெரிக்காவில் கொலராடோ, வாஷிங்டன் ஆகிய ராஜ்யங்களில் 2012-இல் ஜனங்கள் வாக்களித்து, 2014-இல் கடைகள் திறந்தன. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் வயது வந்தவர் 25 கிராம் வரை வெளியில் வைத்திருக்கவும், வீட்டில் மூன்று செடி வளர்க்கவும் விட்டது; ஆனால் கடை திறந்து விற்க விடவில்லை.

அவர்களுடைய நியாயங்களை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில் கஞ்சா உபயோகிக்கின்றனர். ஆயினும் கஞ்சா வைத்திருந்ததாகக் கைதாவதில் கறுப்பர் 3.73 மடங்கு அதிகம் என்று அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கம் 2013-இல் கணக்கெடுத்து வெளியிட்டது. ஒரு பையன் பதினெட்டு வயதில் ஒரு சிறு பொட்டலத்தோடு பிடிபட்டு, வாழ்நாள் முழுதும் வேலையும் வீடும் கிடைக்காமல் அலைந்தால், கஞ்சா அவனுக்குச் செய்த தீங்கைவிடச் சட்டம் செய்த தீங்கு பெரிதல்லவா என்று கேட்கிறார்கள். சட்டம் ஒரே தராசால் நிறுக்கவில்லை என்ற குறை நமக்கும் விளங்கக் கூடியதே. தராசைப் பற்றித் திருமறையில் எத்தனை எச்சரிக்கை வந்திருக்கிறது!

இன்னொரு நியாயம் பழைய இந்தியாவிலிருந்தே எடுத்துக் காட்டப்படுகிறது. 1893-இல் பிரிட்டிஷ் சர்க்கார் கஞ்சா, பங்கு, சரஸ் இவற்றைப் பற்றி ஆராய ஒரு கமிஷன் நியமித்தது. சென்னை ராஜதானி உட்பட இந்தியாவெங்கும் 1,193 சாட்சிகளிடம் விசாரித்து, 1894-இல் அறிக்கை கொடுத்தார்கள். மிதமாக உபயோகிப்பதால் பெருந்தீங்கில்லை, அளவு மிஞ்சுவதே கேடு, ஆகவே அறவே தடுக்க வேண்டாம், வரியும் லைசென்சும் போட்டுக் கட்டுப்படுத்தினால் போதும் என்பது அதன் முடிவு. 1985-இல் இந்திய சர்க்கார் போதைப்பொருள் சட்டம் கொண்டுவந்தபோதும் செடியின் பூவையும் பிசினையும் தடுத்து, இலையை மட்டும் விட்டுவிட்டது. அதனால்தான் வடநாட்டில் பாங்கு இன்றும் சில இடங்களில் லைசென்சுக் கடையில் கிடைக்கிறது.

மருந்து விஷயத்தில் அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கஞ்சாச் செடியில் பலவகைச் சத்துக்கள் உள. போதை தருவது டி.எச்.சி. என்பது. போதை தராத சி.பி.டி. என்ற சத்தைப் பிரித்துச் செய்த மருந்தொன்றைக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான இரு வகை வலிப்பு நோய்களுக்காக அமெரிக்க சர்க்கார் 2018 ஜூனில் அங்கீகரித்தது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாட்டுச் சபையின் போதைப்பொருள் ஆணையம் 27-க்கு 25 என்ற வாக்கில், 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது. எனினும் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கவில்லை. நமது மார்க்கமும் இவ்விஷயத்தில் இறுகிய மனமுடையதன்று. அழுகிய கையை வெட்டி எடுக்க நேரும்போது அறிவை மயக்கும் மருந்து கொடுப்பது, அது பானமல்லாத பொருளாயின், கூடும் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து வேறு, கூட்டாளி சுருட்டிக் கொடுக்கும் மருந்து வேறு என்பதை மட்டும் மறக்கலாகாது.

கடைக்காரன் கண்ணுக்குத் தெரிவது

இனி நாம் மறுக்கும் இடம். சட்டப்படி விற்றால் கள்ளச் சந்தை ஒழியும் என்கிறார்கள். வியாபாரத்தில் இருபது வருஷம் கழித்த நமக்கு இதை ஏற்க முடியவில்லை. சிகரெட்டு சட்டப்படி விற்கும் சரக்குத்தானே? அதற்குக் கள்ளச் சந்தை இல்லையா? ஒரு பெட்டி 10 வெள்ளியைத் தாண்டி வெகு காலமாயிற்று. வரி கட்டாத சிகரெட்டைச் சுங்க இலாகா இன்றும் லாரி லாரியாகப் பிடிக்கிறது. சர்க்கார் வரி போட்டால் விலை ஏறும். விலை ஏறினால் திருட்டுச் சரக்கு வரும். வரி போடாவிட்டால் விலை இறங்கும். விலை இறங்கினால் வாங்குகிறவர் பெருகுவர். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி கண்ட வியாபாரியை நாம் பார்த்ததில்லை. கலிபோர்னியாவில் 2018 ஜனவரியில் கடைகள் திறந்த பிறகும் கள்ளத் தோட்டங்களும் லைசென்சில்லாக் கடைகளும் ஏராளமாக நடந்து வருவதை அந்த ராஜ்ய அதிகாரிகளே ஒப்புக்கொள்கின்றனர்.

வியாபாரி கையில் ஒரு பொருள் போனால் அவன் அதை விற்கத்தான் பார்ப்பான்; விற்பனையைக் குறைக்கப் பார்க்க மாட்டான். 2018 டிசம்பரில் மார்ல்பரோ சிகரெட்டு விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி 180 கோடி அமெரிக்க டாலர் போட்டு ஒரு கானடாக் கஞ்சாக் கம்பெனியில் 45 சதவிகிதப் பங்கு வாங்க உடன்பட்டது. நோயாளிகளின் மேல் கொண்ட இரக்கத்தினால் போட்ட முதல் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் அத்தனை தூரம் போவானேன்? இதே மண்ணில் போதைப்பொருள் சட்டப்படி விற்கப்பட்டது. அதுவும் ஓராண்டு ஈராண்டன்று, நூறாண்டுக்கும் மேல். சிங்கப்பூரைப் பிரிட்டிஷார் எடுத்த ஆரம்ப காலத்திலிருந்தே அபின் குத்தகை நடந்தது. ஏலத்தில் அதிகம் கேட்ட தவுக்கே அபினைச் ‘சண்டு’வாகக் காய்ச்சி விற்கும் ஏகபோக உரிமை பெறுவார், சர்க்காருக்கு மாதக் குத்தகை வரும். ரிக்ஷா இழுத்தவனும் மூட்டை சுமந்தவனும் உடல் வலி மறக்கப் புகைத்தான். மறுநாளும் புகைப்பதற்காக மூட்டை சுமந்தான். சில ஆண்டுகளில் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே வந்தது.

டாக்டர் லிம் பூன் கெங் போன்ற சீனப் பெரியவர்கள் 1906-இல் அபின் எதிர்ப்புச் சங்கம் கண்டு போராடினர். சர்க்கார் என்ன செய்தது? ஒரு கமிஷன் போட்டது. 1908-இல் அக்கமிஷன், தீங்கு மிகைப்படுத்திச் சொல்லப்படுகிறது, அறவே தடுக்கத் தேவையில்லை, தனியாரிடமிருந்து சர்க்காரே எடுத்து நடத்தலாம் என்ற முடிவுக்கு வந்தது. இந்தியாவில் பதினான்கு வருஷம் முன்பு சொன்ன பாடத்தைப் போன்றே இருப்பதைப் பாருங்கள். 1910 முதல் சர்க்காரே சண்டு காய்ச்சி விற்றது. பாசிர் பாஞ்சாங்கில் தொழிற்சாலை இருந்த இடத்தை அடுத்த குன்றுக்குப் புக்கிட் சண்டு என்ற பெயர் இன்றும் நிற்கிறது. உலகம் ஏசியது, புகைப்போரைப் பதிவு செய்தார்கள், அளவு குறைத்தார்கள். ஆயினும் முழுத் தடை வந்தது யுத்தம் முடிந்து 1946-இல்தான். நன்றாக ஓடும் சரக்கை எந்தக் கடைக்காரனும் தானாக நிறுத்த மாட்டான். அந்தக் கடைக்காரன் சர்க்காராக இருந்தாலும் அப்படித்தான். தோட்டப்புறத்தில் நம் தமிழ்த் தொழிலாளருக்கென்று வைத்த கள்ளுக்கடையின் கதையும் வேறல்ல. சம்பள நாளில் அந்த வாசலில் நின்று அழுத பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மோடு வாழ்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் சட்டப்படி விற்பது என்றால் என்னவென்று சொல்வார்கள்.

நேர்மைக்காக மறுபுறத்தையும் சொல்லிவிடுகிறோம். 1946-இல் தடை போட்டதும் அபின் மாயமாய் மறைந்துவிடவில்லை. இருட்டறைகளில் நெடுநாள் புகைந்தது. 1970-களில் ஹெராயின் என்ற பெரிய பூதம் வந்தது. தடை ஒன்றே போதும் என்கிறவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய கமிஷன்கள் கண்ட கஞ்சா இன்றைய கஞ்சா அல்ல என்பது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 1995-இல் நூற்றுக்கு 4 பங்களவில் இருந்தது, 2014-இல் 12 பங்களவுக்கு ஏறிவிட்டது. இப்போது எண்ணெயாகவும் மெழுகாகவும் பிழிந்தெடுப்பதில் அது இன்னும் பன்மடங்கு. ஐரோப்பாவில் பல நகரங்களில் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டதில், தினசரி உபயோகிப்பவருக்குப் புத்தி பேதலிக்கும் நோய் வருவது உபயோகிக்காதவரைவிட மூன்று மடங்கு என்றும், வீரியம் மிகுந்ததைத் தினசரி உபயோகிப்பவருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு என்றும் கண்டார்கள். மூளை முதிர்ச்சியடையாத இளவயதில் ஆரம்பித்தால் ஆபத்து அதிகம் என்பதில் டாக்டர்கள் ஒன்றுபடுகின்றனர். மார்க்கம் காக்க வந்த ஐந்தில் அறிவும் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் வகுத்திருப்பதை இவ்விடத்தில் நினைவுகூர்கிறோம்.

தாய்லாந்தின் கதை நமக்கு மிக அருகில் நடந்தது. 2022 ஜூன் 9-இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். மருந்துக்கென்று சொல்லித்தான் எடுத்தார்கள். கட்டுப்படுத்தும் சட்டம் பின்னால் வரும் என்றார்கள். சட்டம் வருமுன் கடைகள் ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன. மிட்டாயிலும் பிஸ்கட்டிலும் பானத்திலும் கலந்து விற்றார்கள். மூன்றே வருஷத்தில், 2025 ஜூனில், மருத்துவச் சீட்டில்லாமல் கஞ்சாப் பூ விற்கக் கூடாதென்று திரும்ப உத்தரவிட வேண்டியதாயிற்று. திறந்த கதவைச் சாத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஆயிரக்கணக்கான அந்தக் கடைக்காரர்களே சாட்சி.

ஆகவே, கடை திறந்து விற்க விடுவது என்பதை நாம் எதிர்க்கிறோம். இதில் நமக்குத் தயக்கமில்லை.

தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 1975-இல் மரண தண்டனை சேர்க்கப்பட்டது. 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 2013 முதல் வெறும் சுமைதூக்கியாக இருந்தவர்களுக்குச் சில நிபந்தனைகளின் பேரில் ஆயுள் தண்டனைக்கு இடமுண்டு. மலேசியாவில் 200 கிராமிலேயே கடத்தல் என்று அனுமானிக்கப்படும். அங்கு 1983 முதல் கட்டாயமாயிருந்த தூக்கை 2018-இல் சிறிது தளர்த்தி, 2023 ஜூலை 4 முதல் கட்டாயம் என்பதையே நீக்கிவிட்டார்கள். தூக்கா, நீண்ட சிறையா என்பதை இப்போது நீதிபதி தீர்மானிக்கிறார். 2018-இல் நோயாளிகளுக்குக் கஞ்சா எண்ணெய் கொடுத்துவந்த ஒரு வாலிபருக்கு அங்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, பிரதமர் மகாதீரே அதை மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்றார். இங்கு 2023 ஏப்ரலில், 1 கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாயிருந்ததாகத் தீர்ப்பான தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். கடுமையான சட்டத்தினால்தான் நம் பிள்ளைகள் இரவில் அச்சமின்றித் தெருவில் நடக்கிறார்கள் என்று சர்க்கார் சொல்கிறது. அதில் உண்மை உண்டென்று நாமும் நம்புகிறோம். அதே சமயம், சந்தேகம் இருக்குமிடத்தில் தண்டனையைத் தவிர்க்கப் பாருங்கள் என்பதும், மன்னிப்பில் பிழைப்பது தண்டனையில் பிழைப்பதைவிட மேல் என்பதும் நமது மார்க்கம் நீதிபதிகளுக்குக் கற்பித்த முறை. தஃஸீரில் உயிர் வாங்கலாமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. நம் மனம் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. முடிவுக்கு வந்ததுபோல் எழுத நாம் விரும்பவில்லை.

உபயோகித்தவன் விஷயம் அப்படியன்று. வியாபாரியையும் நோயாளியையும் ஒரே கயிற்றில் கட்டக் கூடாது என்பதை இங்குள்ள சட்டமே இப்போது ஓரளவு ஒப்புக்கொள்கிறது. வேறு குற்றம் செய்யாமல் போதைக்கு மட்டும் அடிமையானவரைச் சிறைக்கு அனுப்பாமல் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பும் முறை 2019-இல் விரிவாக்கப்பட்டது. சட்டம் இத்தனை தூரம் வந்திருக்கிறது. நம் ஜமாஅத் வந்திருக்கிறதா?

சில வருஷங்களுக்கு முன் நம் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு பெரியவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். ஜும்ஆவிலும் காணவில்லை. பிறகுதான் தெரிந்தது: மகன் கஞ்சா வழக்கில் மறுவாழ்வு நிலையத்தில் இருந்தான். வாப்பா வேறொரு வட்டாரத்துப் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுகொண்டிருந்தார். மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தமும் நின்றது. நமக்குச் செய்தி தெரிந்து நாலு மாதம் வரை நாமும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று நமக்கு நாமே சாக்குச் சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் எதிர்ப்பட்டார். "வாங்க நானா" என்று ஸலாம் சொன்னோம். அவர் பதில் ஸலாம் சொல்லிவிட்டு, "பிள்ளை அங்கே ஒழுங்காத் தொழுறான், தம்பி. நம்ம ஆளுங்கதான் அவன் ஹயாத்தா இருக்கானான்னுகூடக் கேட்கல" என்றார்.

மது அருந்தியதற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஸஹாபி ஒருவர் சபித்தபோது, அவரைச் சபிக்காதீர், அவர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிக்கிறார் என்ற கருத்தில் நபி பெருமானார் (ஸல்) தடுத்த செய்தி புகாரீயில் இருக்கிறது. அவருக்குத் தண்டனையும் நடந்தது; ஸபையில் இடமும் இருந்தது. மதரஸாவில் இதை நாம் ஓதியிருக்கிறோம். ஓதியது பஸ் நிறுத்தம் வரை வரவில்லை.

பெற்றோருக்குச் சில குறிப்புகள் மட்டும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் கஞ்சா உட்கொண்டாலும் இங்கு அது குற்றமே. அங்கு சட்டம் அனுமதிக்கிறது என்பது இங்கு செல்லாது. பத்து வருஷம் வரை சிறையோ, 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஹாட்யாய்க்கும் பாங்காக்குக்கும் விடுமுறைக்குப் போகும் பிள்ளைகளிடம் மிட்டாய், பிஸ்கட், பானம் எதையும் சீட்டைப் படிக்காமல் வாங்க வேண்டாமென்று சொல்லுங்கள். பிறர் கொடுக்கும் பொட்டலத்தை எந்தக் காரணத்துக்காகவும் பெட்டியில் வைக்க வேண்டாம். பிள்ளையிடம் பழக்கம் இருப்பதாகச் சந்தேகித்தால் மனநலக் கழகத்தில் போதைப் பழக்கத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. மீண்டு வருவோருக்கு மலாய்ச் சகோதரர்களின் பெர்தாபிஸ் சங்கம் மறுவாழ்வு இல்லம் நடத்துகிறது. ஊருக்கு அனுப்பிக் கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான் என்ற வைத்தியத்தை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். அதில் கெடுவது இன்னொரு வீட்டுப் பெண்பிள்ளை.

தவணை சொன்ன வெள்ளியன்று இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தோம். வாலிபர் மறுபடி எழுந்தார். "மாமா, இன்னொன்று. சிகரெட்டும் சாராயமும் சட்டப்படி விற்கிறதே, அவற்றைவிடக் கஞ்சா என்ன மோசம் என்றும் கேட்கிறார்கள். சாராயத்தை நாம் விற்பதில்லை. சிகரெட்டு உங்கள் கடையில் இருக்கிறதே?" என்றார். வகுப்பில் சிரிப்பெழுந்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. 2017 முதல் சிகரெட்டைக் கண்ணில் படாமல் அடுக்க வேண்டுமென்ற உத்தரவினால் கல்லாவுக்குப் பின்னால் கதவு போட்ட அலமாரியில் வைத்திருக்கிறோம். அதனால் நமக்கே மறந்துபோயிற்று போலும். ஒரு கெடுதலை அனுமதித்துவிட்டோம் என்பது இன்னொன்றை அனுமதிக்கக் காரணமாகாது என்று பதில் சொன்னோம். அது சரியான பதில்தான். ஆனால் அதைச் சொல்லும்போது நம் குரல் சற்றுத் தாழ்ந்ததை முன் வரிசையில் இருந்தவர்கள் கவனித்திருப்பார்கள். லைசென்சு முடிய இன்னும் சில மாதங்கள் உள்ளன. வீட்டில் யோசனை நடக்கிறது.

அடுத்த வகுப்பில் தஃஸீர் பற்றிய பாடம் ஷாபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபின் படியும் ஆலிம் ஒருவரைக் கொண்டு ஓதப்படும். பெண்களுக்குத் திரை மறைவில் இடமுண்டு. கேள்விகளைப் பெயரிடாமல் எழுதி, வாசலிலுள்ள பெட்டியில் போடலாம்.